எஞ்சின் மாறிய லொறியும் முரண்டு பிடிக்கும் முள்ளும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் வேலணையின் சாட்டிக் கிணறுகளிலிருந்துதான் போகிறது. பவுசரிலும், தாங்கி ஏற்றிய லொறியிலும் கொண்டுபோவார்கள். இந்த வேலைக்குப் புது லொறி வாங்க எல்லோராலும் முடியாது. சேசிஸ் நல்லதாக இருந்தால் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பான் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம். 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வாகனங்களை மண்ணெண்ணெயிலேயே ஓட்டிய ஊருக்கு இதெல்லாம் பெரிய வித்தை அல்ல.

வித்தை முடிந்த பிறகுதான் டாஷ்போட்டில் தகராறு தொடங்கும். எஞ்சின் முதல் சாவியிலேயே பிடிக்கும். ஆனால் வெப்ப மீற்றரின் முள் அசையாது, அல்லது எடுத்த எடுப்பில் சிவப்புக்குப் போய் நிற்கும். "அது கிடக்கட்டும், வண்டி ஓடுதுதானே" என்று விடுபவர்களே அதிகம். ஆறு மாதத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்து கராஜுக்கு வரும் வண்டிகளில் இந்தப் பேச்சுக்குப் பங்கு உண்டு.

பழைய பெட்ஃபோர்ட், ஒஸ்டின் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்மித்ஸ் மீற்றர்கள். 1960களின் நடுவிலிருந்து இவற்றில் பல சூட்டால் வேலை செய்பவை: உள்ளே இரு உலோகத் தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. மின்சாரம் கூடினால் தகடு சூடாகி வளையும், முள் நகரும். பற்றறி ஏறி இறங்கினாலும் முள் ஆடாதிருக்க, டாஷ்போட்டுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்ற சிறு டப்பா சராசரியாக 10 வோல்ற் மட்டும் கொடுக்கும். மறுமுனையில் எஞ்சினில் இருக்கும் சென்சர், தண்ணீர் சூடேறச் சூடேறத் தடையைக் குறைத்துக்கொண்டே வரும். எவ்வளவு சூட்டுக்கு எத்தனை ஓம் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. அதனால் ஜப்பான் சென்சரைப் பிரிட்டிஷ் மீற்றரோடு இணைத்தால் முள் காட்டுவதை நம்ப முடியாது.

கோளாறு எங்கே என்று தேட நல்ல சாட்சி ஒன்று உண்டு: எரிபொருள் மீற்றர். எஞ்சின் மாறினாலும் தாங்கியும் அதனுள் இருக்கும் மிதவையும் மாறவில்லை. அது சரியாகக் காட்டி, வெப்ப முள் மட்டும் பிழைத்தால் சென்சர் பொருந்தவில்லை அல்லது அதன் வயரில் பிழை. இரண்டு முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அந்த டப்பாவுக்கு எர்த் அறுந்தால் 10 வோல்ற்றுக்குப் பதில் பற்றறியின் முழு வோல்ற்றும் போகும்.

எர்த் என்றதும் சாட்டியில் கூடுதல் கவனம் வேண்டும். எஞ்சின் இறப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது; சேசிஸுக்கும் அதற்கும் மின்தொடர்பு கொடுப்பது ஒரு தடித்த பின்னல் பட்டி மட்டுமே. எஞ்சின் இறக்கும்போது கழற்றிய பட்டி மேசைக்குக் கீழே மறந்து கிடக்கும். திரும்பப் பூட்டினாலும் கடற்காற்றில் நட்டுக்கு அடியில் பச்சை பிடிக்கும். ஹெட்லைற் போட்டதும் வெப்ப முள் துள்ளினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டியைச் சுரண்டிப் பூட்டாமல் வேறு எதையும் கழற்றவே வேண்டாம்.

பட்டி நன்றாக இருந்தால் அடுத்தது சென்சர். வயரைக் கழற்றி ஒரு கணம் எஞ்சின் இரும்பில் தொடுங்கள். முள் மேலே ஏறினால் மீற்றரும் வயரும் நலம். மீற்றருக்கு ஏற்ற பழைய சென்சரையே புது எஞ்சினில் பூட்டலாம் என்றால் மரை இடிக்கும். ஒயில் பிரஷர் சென்சரிலும் இதே கதை: ஜப்பான் எஞ்சினின் எட்டிலொரு அங்குல மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரை வெட்டிய சென்சரில் 27. முதல் இரண்டு சுற்று இணக்கமாகப் போகும், பிறகு இறுகும். பலத்தைக் காட்டினால் எஞ்சின் பக்கத்து மரைதான் போகும். பித்தளை அடாப்டர் போடலாம்; ஆனால் அது நீளமாக இருந்தால் வெப்ப சென்சரின் நுனி ஓடும் தண்ணீருக்கு எட்டாது. டெஃப்லோன் நாடாவை அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த்தும் கெடும்.

வேகமானி கேபிளில் ஓடுவது. ஜப்பான் மீற்றர் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 637 சுற்று எதிர்பார்க்கும்; ஸ்மித்ஸ் முகப்பின் அடியில் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண் பொடியாக அச்சிட்டிருக்கும். கியர்பொக்ஸும் மாறியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும். பழைய அம்பியர் மீற்றரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். டைனமோவின் சிறு மின்னோட்டத்துக்குச் செய்த வயரில் ஆல்ற்றநேற்றரின் மின்னோட்டம் முழுதும் பாய்ந்தால் டாஷ்போட் புகையும். வோல்ற் மீற்றர் போதும்.

எல்லாம் சரியாகப் பூட்டினாலும் ஓர் ஆபத்து மிச்சம். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சர் வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் உருகும்போது முள் கீழே இறங்கும். ஓடிக்கொண்டிருக்கையில் முள் திடீரென விழுந்தால் நல்ல சகுனம் என்று நினைக்காமல் உடனே நிறுத்துங்கள். எஞ்சின் வாங்கும்போது அதற்குரிய மீற்றரையும் சென்சரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், செப்புக் குழாயோடு வரும் மெக்கானிக்கல் வெப்ப மீற்றரும் ஒயில் மீற்றரும் போடுங்கள். அவற்றுக்கு வயரும் வேண்டாம், எர்த்தும் வேண்டாம்.