கல்யாண சிடியைக் காப்பாற்ற ஒரு வரிக் கட்டளை

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களில் நடந்த திருமணங்கள் பல, வீடியோ சிடியாகத்தான் வீட்டுக்கு வந்தன. மணமக்கள் போட்டோ ஒட்டிய உறை, உள்ளே இரண்டு மூன்று சிடிகள். இன்று வாங்கும் லேப்டாப்பில் சிடி டிரைவே இருப்பதில்லை. சிடியின் வெள்ளிப் பூச்சு அச்சிட்ட பக்கத்தில்தான் இருக்கிறது. அது உரிந்துவிட்டால் அந்த இடத்தில் இருந்த காட்சி போனதுதான். எனவே தள்ளிப்போடாமல் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது படத்தை எடுத்துவிடுங்கள்.

சிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்றொரு போல்டர் இருக்கும். அதனுள் டிஏடி என்று முடியும் பெரிய பைல்தான் படம். அதை ஹார்ட் டிஸ்கில் புது போல்டர் ஒன்றில் காப்பி செய்து, பெயரை கே1 என்று சுருக்கிக்கொள்ளுங்கள். டைப் செய்ய வசதி.

அடுத்து இதைப் போனில் ஓடும் எம்பி4 ஆக்க வேண்டும். உடனே பலரும் இலவச கன்வர்ட்டர் தேடிப் போகிறார்கள். நான் பார்த்தவற்றில் பல, படத்தின் நடுவே தங்கள் பெயரைப் பதிக்கின்றன. அல்லது கேட்காத புரோகிராம்களையும் கூடவே இறக்குகின்றன. இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் தளங்களோ, நம் வீட்டுப் படத்தை முன்பின் தெரியாதவர் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது, முற்றிலும் இலவசம். விஎல்சி பிளேயரே பல வகைப் படங்களைக் காட்ட இதன் உதவியைத்தான் நாடுகிறது. பட்டன், மெனு எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்ய வேண்டும். டாஸ் காலத்தைப் பார்த்தவர்களுக்குப் பழகியதுதான். இதன் தளத்தில் டவுன்லோட் பக்கம் போய் விண்டோஸ் படத்தைக் கிளிக் செய்தால், தயார் நிலைப் பதிப்புகளுக்கான இணைப்புகள் வரும். ஜிப் பைலை விரித்து, பின் என்ற போல்டரில் உள்ள எஃப்எஃப்எம்பெக் பைலை மட்டும் உங்கள் கே1 இருக்கும் போல்டரிலேயே போடுங்கள். அந்த போல்டரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் சி, எம், டி என்று டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை அங்கேயே திறக்கும்.

போனில் சொல்வதுபோல் சொல்கிறேன். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். எஃப், எஃப், எம், பி, ஈ, ஜி. இடைவெளி. மைனஸ் ஐ. இடைவெளி. கே1, புள்ளி, டிஏடி. இடைவெளி. மைனஸ் சிஆர்எஃப். இடைவெளி. 18. இடைவெளி. கே1, புள்ளி, எம்பி4. என்டர். மைனஸ் ஐ என்பது எந்தப் பைலைப் படிக்க வேண்டும் என்பதற்கு. சிஆர்எஃப் என்பது தரம்; எண் குறையக் குறையத் தரமும் பைல் அளவும் கூடும். சொல்லாவிட்டால் 23 எடுத்துக்கொள்ளும். பழைய படத்துக்கு 18 கொடுப்பதே என் வழக்கம்.

வீடியோ சிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான். கேமரா அன்று பதியாத நுணுக்கத்தை எந்தக் கட்டளையும் கொண்டுவராது. ஆனால் இருப்பது மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். இங்கேதான் புதியவர்கள் கவனிக்க வேண்டும்.

எம்பி4, எம்கேவி எல்லாம் டப்பாக்கள். உள்ளே உள்ள படமும் ஒலியும்தான் சாப்பாடு. புளியோதரையைத் தூக்குச்சட்டியிலிருந்து டிபன் டப்பாவுக்கு மாற்றினால் ருசி மாறாது. மறுபடி அடுப்பில் ஏற்றினால்தான் மாறும். சிடி படம் எம்பெக்1 என்ற பழைய முறையில் இருப்பதால் ஒருமுறை அடுப்பில் ஏற்றியே ஆகவேண்டும். மேலே சொன்ன கட்டளை அதைத்தான் செய்கிறது. அதன் பிறகு வெட்டுவதற்கெல்லாம் அடுப்பு வேண்டாம்.

தாலி கட்டும் காட்சி மட்டும் வேண்டும், அது 12-ஆம் நிமிடத்தில் தொடங்கி மூன்று நிமிடம் ஓடுகிறது என்று வையுங்கள். முன்போலவே எஃப்எஃப்எம்பெக். பிறகு மைனஸ் எஸ்எஸ், 00:12:00. மைனஸ் ஐ, கே1 எம்பி4. மைனஸ் டி, 00:03:00. மைனஸ் சி, காப்பி. கடைசியில் புதுப் பைலின் பெயர், கே2 எம்பி4. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. பைல் பெயர்களில் புள்ளியை மறக்க வேண்டாம். மைனஸ் டி என்பது முடியும் நேரமல்ல, எவ்வளவு நேரம் என்பது. காப்பி என்ற அந்தச் சொல்தான் அடுப்பை அணைத்துவைக்கிறது. என்டர் தட்டிய சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும், தரமும் துளி குறையாது.

ஒரு சங்கடம் உண்டு. அடுப்பில்லாமல் வெட்டும்போது, முழுப் படமாகப் பதிவான இடத்திலிருந்துதான் தொடங்க முடியும். அவை சில விநாடிகளுக்கு ஒருமுறையே வரும். ஆகவே நீங்கள் கேட்டதற்குச் சற்று முன்னாலேயே காட்சி தொடங்கலாம். கல்யாண வீடியோவில் நாதஸ்வரம் இரண்டு விநாடி கூடுதலாகக் கேட்டால் யார் கோபிக்கப் போகிறார்கள்?

அதே பெயரில் பைல் ஏற்கனவே இருந்தால், மேலேயே எழுதட்டுமா என்று ஒய், என் கேட்டு நிற்கும். என் தட்டி வேறு பெயர் கொடுங்கள். எம்பி4 வந்துவிட்டதே என்று டிஏடி பைலை அழித்துவிடாதீர்கள், அதுதான் மூலம். ஒரு பிரதி பென் டிரைவிலும் இன்னொன்று உடன்பிறந்தவர் வீட்டிலும் இருக்கட்டும்.