பணம் போயிற்று, போய்ச் சேர்ந்ததா?

ஜவ்வாது மலைக்குப் போகும் பட்டணத்துச் சகோதரிகள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஜமுனாமரத்தூரில் மலைத்தேன் வாங்குவார்கள். சாமை அரிசி வாங்குவார்கள். இப்போதெல்லாம் அதற்குப் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. கைபேசியை நீட்டி, சதுரக் கட்டத்தைப் படம் பிடித்து, ரகசிய எண்ணைத் தட்டினால் விஷயம் தீர்ந்தது.

தீராத சமயமும் உண்டு! மலையிலே சில இடங்களில் ‘டவர்’ வரும், போகும். ஒரு பேச்சுக்கு, நீங்கள் தேனுக்காக 400 ரூபாய் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. தேன் விற்கும் அம்மாளுக்கோ ஒன்றும் வரவில்லை. தேனைக் கொடுப்பதா, கூடாதா என்று அவள் விழிக்கிறாள். மறுபடியும் அனுப்புவதா, கூடாதா என்று நீங்கள் விழிக்கிறீர்கள்.

இந்த நடுவழிச் சங்கடத்துக்கென்றே கம்ப்யூட்டர்க்காரர்களிடம் ஒரு தனி அகராதி இருக்கிறது. வார்த்தைகள் சற்று முரட்டுத்தனமானவை. ஆனால் அர்த்தம் தெரிந்துவிட்டால் நம் வீட்டு விஷயமாகவே தோன்றும்.

முதல் வார்த்தை ‘டிரான்ஸாக்ஷன்’. கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நடந்தால் முழுதாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காதது போல் ஆகிவிட வேண்டும். முழுதாக முடித்துப் பதிவு செய்வதற்கு ‘கமிட்’ என்று பெயர். பழைய நிலைக்கே திருப்பிவிடுவது ‘ரோல்பேக்’.

கணக்கு இரண்டு யந்திரங்களில் இருந்தால் என்ன செய்வது? நிச்சயதார்த்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாரும் சம்மதம் சொன்ன பிறகுதானே தட்டு மாற்றுகிறோம்? அதே போல, இரண்டு யந்திரங்களையும் முதலில் “தயாரா?” என்று கேட்டு, இரண்டும் “தயார்” என்ற பிறகே “முடி” என்று உத்தரவிடும் முறை உண்டு. அதற்கு ‘டூ பேஸ் கமிட்’ என்று பெயர். இதை 1978-ல் எழுதி விளக்கியவர் ஜிம் கிரே என்னும் அமெரிக்கர். 1998-ம் ஆண்டின் ட்யூரிங் பரிசு இவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் தனியே பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. எவ்வளவோ தேடியும் அகப்படவில்லை.

நம் நாட்டில் இந்த வித்தையைச் சாதாரண ஜனங்களுக்குக் கொண்டுவந்த பெருமையில் ரயில்வேக்குப் பெரும் பங்கு உண்டு. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, சிகந்தராபாத் ஆகிய 5 இடங்களின் முன்பதிவுக் கணக்குகள் ‘கன்ஸர்ட்’ என்ற ஏற்பாட்டினால் 1999-ல் ஒன்றோடொன்று இணைந்தன. டிக்கெட் கேட்கும் இடத்திலுள்ள யந்திரம் ‘ஃபிரண்ட் எண்ட்’, அதாவது வாசல். கணக்கை வைத்திருக்கும் யந்திரம் ‘பேக் எண்ட்’. அதாவது உக்கிராண அறை. எந்தச் செய்தி எந்த அறைக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது ‘ரௌட்டர்’. ஒரே பெர்த்தை இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சமயத்தில் கேட்டால்? முந்திக் கேட்டவருக்காக அதன் மேல் ஒரு பூட்டு விழும். அவர் காரியம் முடியும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான்.

2016-ல் வந்த யு.பி.ஐ.யில் வாசல் உங்கள் கைபேசி. நடுவே வழிகாட்டுவது நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன். உக்கிராண அறைகள் இரண்டு: உங்கள் பாங்கும் தேன்கார அம்மாளின் பாங்கும். இங்கே முறை சற்று வேறு. முதலில் உங்கள் கணக்கில் கழிப்பார்கள். பிறகு அவள் கணக்கில் சேர்ப்பார்கள். சேர்க்க முடியாவிட்டால் கழித்ததைத் திருப்புவார்கள். இதுதான் ‘ரிவர்ஸல்’.

குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் ‘டைம் அவுட்’. அந்த மௌனத்துக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. செய்தி போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் காரியம் நடக்காமல் இருக்கலாம். காரியம் நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எது என்று தெரியாத இந்த நிலைக்கு ‘இன் டவுட்’, அதாவது சந்தேக நிலை என்று பெயர். இதே ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே தொலைநோக்கியில் தெரியும் நட்சத்திர ஒளி என்றைக்கோ புறப்பட்டது. நட்சத்திரம் இந்தக் கணத்தில் எப்படி இருக்கிறது என்பதை அந்த ஒளி சொல்லாது. தூரத்து யந்திரத்தின் சங்கதியும் அப்படித்தான்.

ஆனால் பயப்பட வேண்டாம். யந்திரங்கள் ஒவ்வொன்றும் செய்ததை ‘ஜர்னல்’ என்னும் நாட்குறிப்பில் எழுதி வைக்கின்றன. மின்சாரம் போய்த் திரும்பினாலும் அதைப் பார்த்து விட்ட இடத்தைக் கண்டுகொள்ளும். பிறகு பாங்குகள் குறிப்புகளை ஒத்துப் பார்க்கும். அதற்கு ‘ரிகன்ஸிலியேஷன்’ என்று பெயர்.

நாமும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் கொடுக்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண் உண்டு. அதே எண்ணில் அதே செய்தி இரண்டு தடவை வந்தாலும் யந்திரம் ஒரு தடவைதான் கணக்கில் எடுக்கும். நீங்களோ பதற்றத்தில் புதிதாக அனுப்பினால், எண்ணும் புதிது. 400 ரூபாய் 800 ஆகிவிடும்! ஆகவே சற்றுப் பொறுத்து, முதல் செய்தியின் கதி என்ன என்று பாருங்கள். ‘நிலுவை’ என்று காட்டினால் அது தோல்வி அல்ல; சந்தேக நிலை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்தது. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். இதற்கு ‘டி பிளஸ் 1’ என்று பெயர். வியாபாரிக்கு அனுப்பி, அவருக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் 5 நாட்கள் கெடு. தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே தர வேண்டும். பாங்கில் புகார் செய்து 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

தேன்கார அம்மாளை மட்டும் மறந்துவிடாதீர்கள். “என் கைபேசியில் போய்விட்டதாகக் காட்டுகிறதே!” என்று அவளோடு வாதாடுவதில் நியாயமில்லை. உங்கள் வாசலில் தெரிவது உங்கள் கணக்கு. அவளுக்குச் சாட்சி அவள் கணக்கு ஒன்றே. உங்களுக்குக் கெடு உண்டு, நஷ்ட ஈடு உண்டு, முறையிட இடம் உண்டு. தேனைக் கொடுத்துவிட்டு, பணம் வராமல் போனால், அவள் உங்களை எங்கே தேடுவாள்?

மலை ஏறும்போது கைபேசியோடு நாலு நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரொக்கத்தில் சந்தேக நிலை கிடையாது. கை மாறினால் அப்போதே ‘கமிட்’!