காலி பாட்டிலின் பொருளாதாரம்

தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. கைப்பை, தேநீர்க் குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. குடிநீர், குளிர்பான பாட்டில்கள் இடம்பெறவில்லை. நீலகிரி போன்ற சில பகுதிகளில் மட்டும் அவற்றுக்குத் தனியே தடை உண்டு. எனவே, ஒவ்வொரு பயணத்துக்கும் விருந்துக்கும் பிறகு காலி பாட்டில்கள் வீட்டில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அவற்றை எறிய மனமின்றி வெட்டி, வண்ணம் பூசி, பூந்தொட்டியாகவும் அலங்காரப் பொருளாகவும் மாற்றும் வழக்கம் பரவி வருகிறது. நோக்கம் பாராட்டுக்குரியதே. ஆயினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. நம் வீட்டில் தங்கிவிடும் பாட்டில், நம்மிடம் வராதிருந்தால் வேறு எதற்குப் பயன்பட்டிருக்கும்? பொருளாதாரத்தில் இதை 'வாய்ப்புச் செலவு' என்கிறோம்.

பெரும்பாலான தண்ணீர் பாட்டில்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் '1' என்ற எண் இருக்கும். அது 'பெட்' எனப்படும் நெகிழி வகையைக் குறிக்கிறது. மறுசுழற்சிக்கு மிகவும் ஏற்ற நெகிழிகளுள் இது ஒன்று. கழுவி, துண்டு துண்டாக்கி, உருக்கினால் பாலியஸ்டர் இழையாகிறது. துணியாகவும் தலையணைப் பஞ்சாகவும் மறுபிறவி எடுக்கிறது. மிட்டாய் உறையைச் சீண்டாத பழைய பொருள் வியாபாரி, இந்தப் பாட்டிலை எடை போட்டு வாங்குவதன் காரணம் இதுவே. குப்பை சேகரித்துப் பிழைப்போரின் அன்றாட வருவாயிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால், வண்ணம் பூசப்பட்ட, பசை ஒட்டிய, மண் படிந்த பாட்டிலுக்கு மதிப்பில்லை. தோட்டத்தில் வேலி போலப் புதைக்கப்பட்ட பாட்டில், ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு நொறுங்கி, நுண்நெகிழியாக மண்ணில் கலக்கிறது. துணியாகியிருக்க வேண்டிய பொருள், நமது நல்லெண்ணத்தாலேயே மீட்க முடியாத குப்பையாகிவிடுகிறது.

அப்படியானால் வீட்டில் மறுபயன்பாடே கூடாதா? கூடும். பாட்டிலின் மதிப்பைக் கெடுக்காத பயன்பாடாக அது இருக்க வேண்டும். பழைய வகைக் கழிப்பறைத் தொட்டிக்குள், ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி, மூடி, மிதவையில் உரசாதவாறு வைத்தால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் மிச்சமாகும். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவர் நாளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் நாளொன்றுக்கு 20 லிட்டர். ஆண்டுக்கு 7,300 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய அளவன்று.

மாடித் தோட்டத்துக்கும் ஒரு வழி உண்டு. மூடியில் ஊசித் துளையும், அடியில் காற்றுக்கு ஒரு சிறு துளையும் இட்டு, நீர் நிரப்பித் தலைகீழாகக் குச்சியில் கட்டினால், செடியின் வேருக்குச் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். பாட்டில் வெயிலில் மங்கி நொறுங்கத் தொடங்குமுன் கழற்றிக் கழுவி வியாபாரியிடம் கொடுத்துவிட வேண்டும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. வெட்டிய பாட்டிலில் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறக்குறைய பத்து நாள்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். இந்த பாட்டில்கள் வெந்நீருக்கு ஏற்றவையல்ல, சூட்டில் உருக்குலையும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், அமிலம், பினாயில், பூச்சிமருந்து ஆகியவற்றை ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைக்கு பாட்டிலின் வடிவம்தான் தெரியும், உள்ளிருப்பது தெரியாது.

இவ்வளவும் செய்தாலும், ஒரு வீட்டுக்குப் பயன்படக்கூடியவை ஐந்தாறு பாட்டில்களே. வந்து சேர்பவையோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே, உண்மையான தீர்வை வீட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். அந்தத் தீர்வு நமக்குப் புதியதன்று. கோலி சோடா பாட்டில் தெருவில் கிடந்து யாரும் பார்த்ததில்லை. குடித்தவர் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இன்று 20 லிட்டர் தண்ணீர் கேன் குப்பைமேட்டில் கிடப்பது அரிது. காரணம், அதற்கு நாம் முன்பணம் கட்டியிருக்கிறோம்.

ஜெர்மனி 2003-இல் ஒருமுறை பயன்படும் பான பாட்டில்களுக்கும் வைப்புத்தொகை முறையைக் கொண்டுவந்தது. இப்போது பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாகப் பெற்று, திருப்பிக் கொடுத்தால் வழங்குகிறார்கள். தமிழகத்திலும் நீலகிரியில் 2022-இல் மதுபாட்டில்களுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுத் திருப்பித் தரும் திட்டம் உயர் நீதிமன்ற உத்தரவால் தொடங்கி, பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கண்ணாடிக்குச் சாத்தியமானது நெகிழிக்கு ஏன் சாத்தியமாகாது?

விலையில்லாப் பொருளை மனிதர்கள் எறிவார்கள். விலையுள்ள பொருளை எறியமாட்டார்கள். காலி பாட்டிலுக்கு ஒரு விலை வைப்பது அரசின் கடமை. அது நிகழும்வரை, அதைக் கெடுக்காமல், கழுவி, நசுக்கி, தனியே சேர்த்துக் கொடுப்பது நம் கடமை. வெளியே கிளம்பும்போது வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்வது இவ்விரண்டையும்விட எளிது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).