காசு இட்டால் இசைக்கும் படப்பெட்டி

1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மதுக்கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஆளுயர மரப்பெட்டி ஒன்று வந்து நின்றது. சிகாகோ நகரத்து மில்ஸ் நாவல்டி கம்பெனியார் செய்த அப்பெட்டிக்குப் ‘பானோரம்’ என்பது பெயர். பத்து சென்ட் நாணயத்தை இட்டால், முகப்புத் திரையில் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும். இப்படங்களைச் ‘சவுண்டீஸ்’ என்றனர். ‘ஒலிப்படம்’ என்று பெயர்த்தால் பேசும் படம் அனைத்தையும் குறித்துவிடுமாதலால், மூலப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

ஒரு சுருளில் எட்டுப் படங்கள் இருக்கும். விரும்பியதைத் தேர்ந்தெடுக்க இயலாது; அடுத்து வருவதைத்தான் காணவேண்டும். பெட்டிக்குள்ளிருக்கும் எறிகருவியின் ஒளி, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரையின் பின்புறத்தில் விழும். கண்ணாடி இடவலத்தை மாற்றிவிடும் அல்லவா? ஆதலால் படச்சுருளையே இடவலம் மாற்றி அச்சிட்டனர். அச்சுருளைச் சாதாரண எறிகருவியில் ஓட்டினால் எழுத்துக்கள் தலைமாறித் தோன்றும். எக்காளக்காரர் அனைவரும் இடக்கையராகிவிடுவர்!

இசையை முதலில் பதிவு செய்து, பின்னர் அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடிக்கச் செய்தே படம் பிடித்தனர். எனவே விரலசைவை நம்பி வாசிப்பு முறையை ஆராய்பவர் சற்று எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

இருப்பினும் இவற்றின் மதிப்பு பெரிது. அக்காலத்து ஹாலிவுட் பெரும்படங்களில் கறுப்பினக் கலைஞரின் பாட்டுக் காட்சிகள், கதையோடு ஒட்டாமல் தனித்து அமைக்கப்படுவதுண்டு. தென் மாநிலக் கொட்டகைகளில் அவற்றை வெட்டி நீக்கிவிட்டுப் படத்தை ஓட்டலாம் என்பதே காரணம். லீனா ஹார்ன் என்னும் பாடகியின் காட்சிகளுக்கு இக்கதி நேர்ந்தது. சவுண்டீஸிலோ மூன்று நிமிடமும் அக்கலைஞருக்கே உரியது. வெட்டுவதற்குச் சுற்றிலும் வேறு கதை இல்லை.

ட்யூக் எலிங்டனின் பெருங்குழு தோன்றும் ‘ஜாம் செஷன்’ 1942-இல் வெளியாயிற்று. ‘சி ஜாம் புளூஸ்’ என்னும் அவரது எளிய மெட்டே அதற்கு ஆதாரம். பியானோவில் அவர் தொடங்க, வயலினுடன் ரே நான்ஸ், கார்னெட்டுடன் ரெக்ஸ் ஸ்டூவர்ட், சாக்ஸபோனுடன் பென் வெப்ஸ்டர் என ஒருவர்பின் ஒருவராக இசைக்கின்றனர். டிராம்போன் வாசிக்கும் ஜோ நாண்டன், அடைபட்ட குழாயைத் திறக்க உதவும் ரப்பர்க் கிண்ணத்தைக் கருவியின் வாயில் மூடியும் திறந்தும், மனிதக் குரல் போன்ற ஒலியை எழுப்புவதில் வல்லவர். அவர் 1946-இல் காலமானார். இசைத்தட்டு அவ்வொலியைக் காத்தது. கிண்ணம் ஏந்திய கையையும் முகத்தையும் காத்தது இப்பத்து சென்ட் வேடிக்கை.

உலகப்போரினால் மூலப்பொருள் தட்டுப்பட்டது. 1942 ஆகஸ்டில் தொடங்கிய வாத்தியக்காரர் சங்கத்தின் ஒலிப்பதிவு மறுப்பும் இடையூறாயிற்று. போர் முடிந்த பின்னும் தொழில் நிமிரவில்லை. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தபின், 1940-களின் பிற்பகுதியில் அது நின்றுபோயிற்று. பழைய சுருள்கள் வீடுகளில் ஓட்டும் படங்களாக விலைபோயின.