குதிகால் நரம்பா? சற்றுக் கவனியுங்கள்!

மகாபாரதத்தில் துரியோதனனுக்குத் தொடை எப்படியோ, கிரேக்கக் கதையில் வீரன் அக்கிலீசுக்குக் குதிகால் அப்படி. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நாண் அவன் பெயரால் அக்கிலீஸ் தசைநாண் எனப்படுகிறது. பேச்சுவழக்கில் 'குதிகால் நரம்பு' என்கிறோம்; அது நரம்பன்று. நம் உடலிலேயே வலிமை மிக்க தசைநாண் அது.

இதற்கு வரும் கோளாறுகளுள் இரண்டை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, நாட்பட்ட வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பு இருக்கும். குதிகாலுக்குச் சற்று மேலே நாண் தடித்திருக்கும். ஓய்வு மட்டும் இதற்கு மருந்தாகாது. படிப்படியாகச் சுமை கொடுத்து நாணை வலுப்படுத்த வேண்டும். சுவீடன் மருத்துவர் அல்பிரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சி புகழ்பெற்றது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழிறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள்.

இரண்டாவது, நாண் அறுதல். வார இறுதியில் மட்டும் மட்டையைத் தூக்கும் முப்பது, நாற்பது வயது ஆண்களிடம் இது அதிகம். முன்னாள் மாணவ அண்ணன்மாரே, கவனம்! கூலாயில் பூப்பந்து ஆடிய என் சித்தப்பாவுக்குப் பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் 'பட்' என்றது, திரும்பினால் ஆளில்லை. நொண்டி நடக்க முடிந்ததால் சுளுக்கு என்றெண்ணி மூன்று வாரம் எண்ணெய் தேய்த்து உருவினார்கள். அதற்குள் அறுந்த முனைகள் விலகிவிட்டன, சிகிச்சையும் கடினமாயிற்று. மற்றத் தசைகள் பாதத்தை ஓரளவு அசைக்கும் என்பதால், நடக்க முடிவதை வைத்து நாண் அறவில்லை என்று முடிவு செய்யக்கூடாது.

மருத்துவர் செய்யும் தாம்சன் சோதனை எளிது. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்துவார். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கக்கூடும். ஐயமிருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள்.

அறுந்த நாணை அறுவை செய்து தைக்கலாம். அல்லது பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டு, பிறகு பயிற்சி தரலாம். 2022இல் வெளிவந்த நோர்வே ஆய்வின்படி, ஓராண்டு முடிவில் இருசாராரின் கால் செயல்பாட்டிலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் மீண்டும் அறுந்தது அறுவை செய்யாதவர்களில் 6.2 விழுக்காடு; செய்தவர்களில் 0.6 விழுக்காடு.

காற்பந்து வீரர் டேவிட் பெக்கம் 2010 மார்ச் 14ஆம் நாள் நாண் அறுந்து விழுந்தார். மறுநாளே பின்லாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்படியிருந்தும் உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டு, செப்டம்பரில்தான் திடலுக்குத் திரும்பினார். மறுநாளே கவனித்தவருக்கே ஆறு மாதம்!

ஆகவே, 'பட்' என்ற ஓசை கேட்டால் எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.