முடிவு எழுதப்படாத கதையும் முடிவெடுக்கப் பழகும் இளையோரும்

இலங்கைத் தேயிலையின் வரலாறு கலஹாவை அடுத்துள்ள மலைச்சரிவுகளிலேதான் ஆரம்பமாகின்றது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பிரதேசத்திலேயே உள்ளது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1869இல், கோப்பிச் செடிகளின் இலைகளில் துருநோய் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கை அழிந்து, மலைகள் எங்கும் தேயிலை பரவியது. கோப்பித் தோட்டத்திற்காகத் தமிழகத்திலிருந்து நடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களாயினர்.

அம்மக்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த பெரும் முடிவுகளுள் எதனை அவர்கள் எடுத்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பது பயனுடையது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களது விருப்பத்தைக் கேட்டறியாமலேயே இக்கணக்குகள் யாவும் போடப்பட்டன. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தின் மூலம் தீர்க்கப்படுவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய பின்னணியைக் கொண்ட பிரதேசத்தை முன்னிறுத்தி, ஒரு விளையாட்டைப் பற்றி நாம் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும், நாம் இங்கு விளக்க விரும்பும் விளையாட்டின் உயிர்நாடி, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரின் தெரிவுகளே கதையின் போக்கைத் தீர்மானிக்கும் என்பதாகும். பிறர் எடுத்த முடிவுகளின் விளைவுகளையே சுமந்து வந்த ஒரு சமூகத்தின் இளையோருக்கு அந்தப் பயிற்சி அற்பமானதன்று.

மேலை நாடுகளில் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என வழங்கப்படும் இதில் பலகையோ காய்களோ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நான்கைந்து பேர் கூடியமர்ந்து, ஒவ்வொருவரும் கற்பனை உலகமொன்றின் பாத்திரமொன்றை ஏற்கின்றனர். ஒருவர் மட்டும் கதை நடத்துநராக இருந்து, அவ்வுலகின் நிலைமையை விபரித்து, "இப்போது நீங்கள் என்ன செய்யப் போகின்றீர்கள்?" என்று வினவுகின்றார். ஏனையோர் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த காட்சி பிறக்கின்றது. ஒரு செயல் வெற்றியளிக்குமா என்பது ஐயத்துக்குரியதாக இருக்கும்போது மட்டும் தாயக்கட்டை உருட்டப்படும். இவ்வாறு வாரக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், ஒரே கதை தொடர்ந்து செல்லும்.

இவ்விளையாட்டு பிறந்த விதமே ஒரு பாடமாகும். ஜெர்மனியின் பிரஷ்ய இராணுவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்காகப் போர் விளையாட்டுகளைப் பயன்படுத்தியது. அம்மரபில் வந்த அமெரிக்கரான டேவிட் வெஸ்லி, 1969இல், 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை நகரத்தை அமைத்து, படைத் தளபதிகளோடு நகர மேயர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற பாத்திரங்களையும் நண்பர்களுக்கு வழங்கினார். அவர்களோ திட்டமிட்ட போரை மறந்து, தமக்குள் இரகசியமாகப் பேசவும் பேரம் பேசவும் தொடங்கினர். ஆட்டம் குழம்பிவிட்டதென்று வெஸ்லி வருந்தினார்; ஆடியவர்களோ மீண்டும் எப்போது ஆடலாம் என்று கேட்டனர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன் இதனைக் கற்பனை மாயலோகமொன்றுக்கு விரிவுபடுத்தினார். அவரும் கேரி கைகக்ஸ் என்பவரும் இணைந்து 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இன்று உலகெங்கும் ஆடப்படுகின்றது. நடத்துநரின் திட்டத்தை ஆடுபவர்கள் மீறிய அந்த நாளிலேயே இவ்விளையாட்டு பிறந்தது எனலாம்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமானதென்று கருதுவதற்கில்லை. விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கும் வேதாளம், ஒவ்வொரு கதையின் இறுதியிலும் கேட்பவனிடமே தீர்ப்பைக் கோருகின்றது. வினாவும் விடையுமாகவே நகரும் மசலா இலக்கியத்தை முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு வழங்கினர். அவ்வகையில் முதன்மையான ஆயிரம் மசலா 1572ஆம் ஆண்டுக்குரியது. தஞ்சைப் பகுதி லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் மேடையிலேயே பாட்டுக் கட்டி வாதிடும். மலையகத் தோட்டங்களில் மாசி, பங்குனி மாதங்களில் நிகழும் காமன் கூத்தில் தோட்டமே அரங்காகி, பார்ப்பவரும் பங்கேற்பவரும் ஒன்றாகின்றனர். எனினும், காமன் கூத்தில் காமன் எரிந்தே ஆகவேண்டும். ரதி புலம்பியே ஆகவேண்டும். முடிவை அறிந்தே நாம் அதனைக் காண்கின்றோம். முடிவை எவரும், நடத்துநரும்கூட, முன்கூட்டி அறிந்திராமையே இப்புதிய விளையாட்டின் வேறுபாடாகும்.

அவ்வாறாயின் நடத்துநர் எதனை ஆயத்தம் செய்ய வேண்டும்? புதிதாக நடத்த முற்படும் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். அவர்கள் ஒரு நாவலாசிரியரைப் போல ஆரம்பத்தையும் முடிவையும் எழுதிக்கொண்டு வந்து, ஆடுபவர்களை அதன்வழியே இழுத்துச் செல்கின்றனர். அனுபவமுள்ள நடத்துநரோ கதையை ஆயத்தம் செய்வதில்லை. நிலைமையையே ஆயத்தம் செய்கின்றார். யார் யார் இருக்கின்றனர், ஒவ்வொருவருக்கும் என்ன தேவை, எவரும் தலையிடாவிட்டால் என்ன நிகழும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால் போதுமானது.

கலஹாவின் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணத்தைப் பெறலாம். கற்பனை மலைநாடொன்றில் இலைகள் யாவற்றிலும் செம்பழுப்புத் தூள் படிகின்றது. தொட்ட செடி ஒரு வாரத்தில் இலையுதிர்க்கின்றது. ஒருவர் கங்காணியின் மகளாகவும், ஒருவர் கடைத்தெரு வர்த்தகராகவும், ஒருவர் கீழ்க் கிராமத்து நாட்டு வைத்தியராகவும், மற்றொருவர் மலைப்பாதையில் ஓடும் தபாற்காரராகவும் பாத்திரமேற்கின்றனர். நோய் கண்ட மலையைத் தீயிடுவதா, துரைக்குத் தெரியாமல் மறைப்பதா, மலைக்கு அப்பால் இதற்கு மருந்தறிந்ததாகச் சொல்லப்படும் முதியவளைத் தேடிச் செல்வதா என்ற வினா அவர்கள் முன் எழுகின்றது.

தீயிடுவதென்று அவர்கள் முடிவெடுத்தால் நோய் தடைப்படக்கூடும். ஆனால், அம்மலையை நம்பியிருந்த லயத்துக் குடும்பங்கள் மூன்று வாரங்களின் பின்னர் கைக்குழந்தைகளுடன் அவர்களது வாசலில் வந்து நிற்கும். மறைத்தால் கணக்கப்பிள்ளை அதனைக் கண்டுபிடித்து, வாய்திறவாதிருப்பதற்கு ஒரு விலை கேட்பார். முதியவளைத் தேடிச் சென்றால், அவர்கள் திரும்புவதற்குள் நோய் மேலும் இரு மலைகளுக்குப் பரவியிருக்கும். இவற்றுள் சரியான விடை என்று ஒன்றில்லை. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலையுண்டு; அந்த விலை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அறவிடப்படும். ஆடுபவர்கள் எவரும் நினைத்திராத நான்காவது வழியொன்றைச் சொன்னால், நடத்துநர் மகிழ்ச்சியோடு அதனை ஏற்று, அவ்வழியில் எதிர்ப்படுவது யாதென்று சிந்திக்க வேண்டும்.

இங்கு ஒரு பெரும் மோசடிக்கு இடமுண்டு. இடது பாதையில் சென்றாலும் வலது பாதையில் சென்றாலும் அதே கொள்ளையரை நிறுத்திவைத்து, தெரிவு செய்ததாக ஆடுபவர்களை நம்பவைக்கலாம். ஒரு முறை அது பலிக்கும். இரண்டாம் முறை பிள்ளைகள் கண்டுகொள்வர். அதன்பின் அவர்கள் சிந்திப்பதை நிறுத்திவிட்டு, நடத்துநர் எதனை விரும்புகின்றார் என்று ஊகிக்கவே முற்படுவர். தீர்மானம் ஏற்கனவே எழுதப்பட்ட பின்னர் மக்களின் கருத்தைக் கேட்பதாகக் கூட்டப்படும் கூட்டங்களை நாம் அறிவோம். அங்கு வருவோர் மௌனமாகத் தலையசைப்பதற்கும் இதுவே காரணம்.

நடைமுறைக்கு அதிகம் தேவைப்படாது. நான்கு முதல் ஆறு பேர், பென்சில், ஒரு பயிற்சிக் கொப்பி, இரண்டு வாரங்களுக்கொரு முறை மூன்று மணித்தியாலம் போதுமானது. மேற்கூறிய விளையாட்டின் அடிப்படை விதிகள் 2023இல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டன. அதனைவிட எளிமையான விதிகளை நாமே தமிழில் அமைத்துக்கொள்ளவும் முடியும். எவ்விடயங்கள் கதையில் வரலாகாது என்பதை முதல் நாளிலேயே அனைவரும் கூடிப்பேசி வரையறுக்க வேண்டும். ஒவ்வோர் அமர்வின் இறுதியிலும், "அடுத்த முறை எங்கே செல்லப் போகின்றீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், நடத்துநரின் ஆயத்த வேலை பாதியாகக் குறையும். கொடுத்த வாக்குறுதிகளும் சம்பாதித்த பகைகளும் கொப்பியில் பதியப்பட வேண்டும். மறக்கப்பட்ட விளைவு விளைவே அன்று. உரத்துப் பேசும் ஒருவரே எல்லோருக்குமாக முடிவெடுப்பதைத் தடுக்க, வரிசைமுறையில் ஒவ்வொருவரிடமும், குறிப்பாக ஒதுங்கியிருக்கும் பெண்பிள்ளைகளிடமும், பெயர் சொல்லிக் கேட்பது அவசியமாகும்.

தாயக்கட்டை குறித்து எமது வாசகர்களுக்கு எழக்கூடிய தயக்கத்தை நாம் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. தருமன் நாட்டையும் தம்பியரையும் திரௌபதியையும் இழந்தது சூதாட்டத்தினாலேயே என்பதைத் தமிழ்ப் பெற்றோர் நினைவுகூர்வர். 'நர்த்' எனப்படும் தாயக்கட்டை ஆட்டத்தை நபிமொழிகள் கண்டிப்பதால், பந்தயம் இல்லாவிடினும் தாயக்கட்டையைத் தவிர்க்க வேண்டுமென்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடாகும். இவ்விளையாட்டில் பணமோ பந்தயமோ இல்லை. அத்துடன் தாயக்கட்டை இதற்கு இன்றியமையாததுமன்று. 1991இல் வெளியான 'ஆம்பர்' என்னும் விளையாட்டு தாயக்கட்டையே இன்றி அமைந்ததாகும். ஆடுபவரின் ஆயத்தத்தையும் பாத்திரத்தின் ஆற்றலையும் எடைபோட்டு நடத்துநரே தீர்ப்பளிக்கலாம். அவ்வாறே, மாயமந்திரமும் பிற தெய்வங்களும் கதையில் இடம்பெறுவது சங்கடமளிக்குமாயின், அவையற்ற உலகமொன்றை அமைத்துக்கொள்ளத் தடையேதுமில்லை. ஐயமுள்ள பெற்றோர் தமது பள்ளிவாசல் மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டறிவது நன்று. 1980களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டு பேய் வழிபாட்டைப் பரப்புவதாகப் பெரும் அச்சம் கிளப்பப்பட்டது. பெற்றோரை அழைத்து ஓர் அமர்வைப் பார்வையிடச் செய்வதே அத்தகைய அச்சத்துக்குச் சிறந்த மருந்தாகும்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இது வீண் பொழுதுபோக்கு என்ற ஆட்சேபமும் எழலாம். அதிலும் நியாயமுண்டு, ஆகவேதான் எட்டுப் பத்து அமர்வுகளுடன் நிறைவுறும் குறுங்கதைகளை, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களைத் தவிர்த்து நடத்துமாறு பரிந்துரைக்கின்றோம். அதேவேளை, சரியான விடை ஒன்றே என்று பழக்கும் எமது வகுப்பறைகள், விடை பலவாக உள்ள வினாவொன்றை எதிர்கொள்வதற்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கின்றனவா என்பதையும் சிந்திக்க வேண்டும். தோட்டத்தில் தங்குவதா, கொழும்புக்குக் கடை வேலைக்குச் செல்வதா, வெளிநாடு செல்வதா, மேற்கொண்டு படிப்பதா என்ற வினா பதினாறு வயதிலேயே மலையகப் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கின்றது. அவ்வேளையில் பெரும்பாலும் தரகரும் உறவினரும் கடன்காரருமே அதற்கு விடை சொல்கின்றனர்.

இவ்விளையாட்டு சம்பளத்தை உயர்த்தாது, காணியுரிமையையும் பெற்றுத்தராது. அவற்றுக்கான போராட்டங்கள் வேறு. ஆயினும் கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளில் தோட்டத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களக் கிராமத்தவரும் அருகருகே வாழ்கின்றனர். அவர்களது பிள்ளைகளோ வெவ்வேறு பாடசாலைகளிலேயே பெரும்பாலும் படிக்கின்றனர். அவர்களுள் ஐந்து பேர் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் மற்றவரின் பாத்திரத்தை ஏற்று, எரிக்கப்பட வேண்டியது யாருடைய மலை என்று மூன்று மணித்தியாலம் வாதிடுவார்களாயின், அவர்கள் வேறெங்கும் பெறாத ஒன்றை அங்கே பெறுவர். கங்காணியின் மகளாக நடிக்கும் வர்த்தகரின் மகன், லயத்துக் குடும்பத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எமது வாசிகசாலைகளும் பாடசாலைத் தமிழ் மன்றங்களும் அறநெறிப் பாடசாலைகளும் பள்ளிவாசல் இளைஞர் அமைப்புகளும், விடுமுறைக் காலத்தில் ஒரு மேசையையும் ஐந்து கதிரைகளையும் ஒதுக்கி இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். நடத்துவதற்குத் துணியும் ஆசிரியர் ஒரு நிபந்தனையை மட்டும் மறவாதிருக்க வேண்டும். பிள்ளைகள் தவறான முடிவை எடுக்கப் போகின்றார்கள் என்று தோன்றும்போது அவர் குறுக்கிடலாகாது. அதன் விளைவை நேர்மையாகக் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்து, இப்போது என்ன செய்யப் போகின்றீர்கள் என்று மீண்டும் கேட்பதே அவரது கடமையாகும்.