எக் ராஷரும் கஸ்மாலமும்

நைஜீரியாவில் பயாஃப்ரா போர் 1970 ஜனவரியில் முடிந்தது. தோற்றுப்போன பயாஃப்ரா கிளர்ச்சி அரசின் செல்லாத நோட்டுகளை ஒப்படைத்தவர்களுக்குத் தலைக்கு 20 பவுண்டு கொடுக்கிறார்கள். கோப்பில் அந்தத் தொகையின் பெயர் 'எக்ஸ் கிரேஷியா'. அந்த லத்தீன் சொல் ஜனங்களின் வாயில் நுழையவில்லை. 'எக் ராஷர்' என்று ஆக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த காதில் அது முட்டை, வறுத்த பன்றி இறைச்சித் துண்டு என்று விழும். போர்க்காலப் பட்டினிக்குப் பிறகு, அரசாங்கத்தின் சொல்லை வயிறு இப்படித்தான் மொழிபெயர்த்தது. சினுவா அச்சிபி 1971இல் எழுதிய 'சிவில் பீஸ்' சிறுகதையில் வருகிறது இது.

அதே 'எக்ஸ் கிரேஷியா' தமிழ்நாட்டுக்கும் வந்தது. தீபாவளி நெருங்கும்போது பொதுத்துறைத் தொழிலாளிக்கு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் 'கருணைத் தொகை' என்று அறிவிப்பு வரும். இங்கே அந்தச் சொல்லைக் கோப்பு மொழிபெயர்த்தது, வயிறு மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்குமான துறைமுகக் கரையில், கப்பலில் வந்த எத்தனையோ சொற்களை ஜனங்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு ஊர் வைத்த பெயர் மெட்ராஸ் பாஷை. அதைக் கதையில் எங்கே வைப்பது என்பதில் தமிழ் இலக்கியத்துக்கு வெகுகாலம் தயக்கம் இருந்தது. ஆப்பிரிக்கச் சிறுகதைகளை வாசிக்கும்போது அந்தத் தயக்கம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் அந்தப் பேச்சின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய செப்புக்காசின் பெயர் 'டயிட்'. 'துட்டு' அதிலிருந்து வந்தது என்பார்கள். நாஷ்டா, பேஜார், கலீஜ், பேமானி எல்லாம் உருது வழியாக வந்தவை. நைனா தெலுங்கு. கேட்டாலே முகம் சுளிக்க வைக்கும் 'கஸ்மாலம்' சமஸ்கிருதச் சொல். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், கலங்கி உட்கார்ந்த அர்ஜுனனைக் கிருஷ்ணன் கேட்கும் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. கீதையில் மனக்கலக்கம், தண்டையார்பேட்டையில் வசவு. ஒரு சொல்லுக்கு மரியாதை கிடைப்பதும் போவதும் அதைச் சொல்லும் ஆளைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இத்தனை வளம் இருந்தும் இந்தப் பேச்சுக்குக் கிடைத்த இடம் எது? கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சில் கதை சொன்னார். 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் கொண்டுவந்தார். கொங்கு, நாஞ்சில், தஞ்சை வழக்குகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. துறைமுகக் கூலியின் பேச்சை மட்டும் 'கொச்சை' என்றார்கள். சினிமாவில் சந்திரபாபு, லூஸ் மோகன் போன்ற அருமையான கலைஞர்கள் அதைப் பேசினார்கள். ஆனால் திரைக்கதை அதைப் பெரும்பாலும் சிரிப்புக்கே வைத்துக்கொண்டது. அந்தப் பேச்சில் ஒருவர் அழுதால் எப்படி இருக்கும், ஒரு குழந்தைக்குக் கதை சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கப் பலருக்குத் தோன்றவில்லை. இது பெரிய அநியாயம்.

ஜெயகாந்தனுக்குத் தோன்றியது. சேரி ஜனங்களின் பேச்சை அவர் 'உன்னைப் போல் ஒருவன்', 'சினிமாவுக்குப் போன சித்தாளு' போன்ற கதைகளில் முழு மரியாதையோடு அச்சில் ஏற்றினார். அந்த மனிதர்கள் கோபப்பட்டார்கள், காதலித்தார்கள், வாதாடினார்கள். ஆனாலும் பெரும்பாலும் மேற்கோள் குறி முடிந்ததும் ஆசிரியரின் எழுத்துத் தமிழ் வந்துவிடும். கதாபாத்திரம் தெருவில் நின்று பேசும். கதைசொல்லி திண்ணையில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொள்வார்.

ஆப்பிரிக்கச் சிறுகதை தாண்டிய வரப்பு இதுதான். கானா நாட்டின் அமா அட்டா அய்டூ 1970இல் வெளியிட்ட 'நோ ஸ்வீட்னஸ் ஹியர்' தொகுப்பில் ஒரு கதை. கிராமத்து இளைஞன் ஒருவன், பல வருடங்களுக்கு முன்னால் போன தங்கையைத் தேடி அக்ரா நகரத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். வீட்டுப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடந்ததைச் சொல்கிறான். கதை முழுக்க அவன் பேச்சுதான். ஆசிரியரின் குரல் என்று தனியாக எதுவும் கிடையாது. தொண்டை காய்கிறது, குடிக்க ஊற்று மாமா என்று நடுவில் நிறுத்துகிறான். கேட்பவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. அவன் தரும் பதிலை வைத்து நாம் ஊகித்துக்கொள்கிறோம். தங்கை என்ன தொழில் செய்கிறாள் என்பதைச் சொல்ல வேண்டிய நேரம் நெருங்க நெருங்க அவன் பேச்சு சுற்றி வளைக்கிறது. அந்தத் தயக்கத்திலேயே கதை இருக்கிறது. நாகரிகமான எழுத்து நடையில் ஒரு வரியில் முடிந்துபோகிற செய்தி, வாய்ப்பேச்சில் ஒரு குடும்பத்தின் வலியாகிறது.

நைஜீரியாவின் கென் சாரோ விவா இன்னும் ஒரு படி போனார். 1985இல் வந்த 'சோசாபாய்' நாவலின் அட்டையிலேயே 'அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல்' என்ற பொருளில் அறிவித்தார். படிப்பு குறைந்த ஒரு சிப்பாய்ப் பையன், பள்ளி ஆங்கிலத்தையும் தெரு ஆங்கிலத்தையும் கலந்துகட்டித் தன் போர்க்கதையைச் சொல்கிறான். இலக்கணம் உடைகிற இடத்தில் அவன் உலகம் உடைவது தெரிகிறது. எண்ணெய்க் கம்பெனிகளால் நாசமான தன் ஒகோனி மண்ணுக்காகப் போராடியதில் சாரோ விவா 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, படகும் வலையும் கறுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அவர் எழுத்து தூரத்து எழுத்தாகத் தெரியாது.

வடசென்னைப் பேச்சில் ஒரு கதைசொல்லி முழுக்கதையையும் சொன்னால் நடை என்னவாகும்? ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். 'அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு, அந்த மனிதரைத் திட்டியபடியே வீட்டருகே வந்தார்.' இது எழுத்துத் தமிழ். காசிமேட்டுப் பையன் சொன்னால்: 'அம்மா கூடைய தூக்கினு, அந்தாள திட்டிகினே வூட்டாண்ட வந்துச்சி.'

சேதி ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒரே கதை ஆகாது. 'வந்தார்' என்றால் அம்மா ஒரு மரியாதையான தூரத்துக்குப் போய்விடுகிறாள். 'வந்தாள்' என்றால் ஆசிரியர் மேலே நின்று அவளைப் பார்க்கிறார். 'வந்துச்சி'யில் மட்டும்தான் பிள்ளை அவள் முந்தானைக்குப் பக்கத்தில் நிற்கிறான். வெளியூர்க்காரர் காதுக்கு அஃறிணை மாதிரி ஒலிக்கும் இந்த முடிவில், வடசென்னை வீடுகளின் நெருக்கம் முழுவதும் இருக்கிறது. அந்த 'கினு'வையும் கவனிக்க வேண்டும். 'கொண்டு' தேய்ந்து வந்த வடிவம் அது. ஆனால் ஓட்டத்தில் வேறு வேலை செய்கிறது: ஒரு காரியம் முடிவதற்குள் அடுத்ததைக் கோத்துவிடுகிறது. தூக்கினு, இஸ்துகினு, குந்திகினு என்று வினைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும்போது, மூச்சு விட நேரமில்லாத பிழைப்பின் வேகம் வாக்கியத்துக்கு வந்துவிடுகிறது. திருத்துகிறேன் என்று அதை 'கொண்டு' ஆக்கினால் அந்த வேகம் செத்துவிடும்.

இந்த வேகத்தைத் தங்கள் குரலாகவே வைத்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் இப்போது இருக்கிறார்கள். கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' நாவலின் தலைப்பையே எடுத்துக்கொள்ளலாம். சென்னைக் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை வெள்ளையர்கள் 'பிளாக் டவுன்' என்றார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதை ஒட்டி 1911இல் அது ஜார்ஜ் டவுன் ஆனது. அழிக்கப்பட்ட பழைய பெயரைத் திரும்ப எடுத்து, நகரத்தைக் கட்டிய உழைப்பாளிகளின் கதைக்குச் சூட்டுகிறார் கரன் கார்க்கி. பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' ஆனந்த விகடனில் தொடராக வந்து நூலானது. அதில் கதை சொல்பவர் வெளியிலிருந்து வந்த பார்வையாளர் இல்லை, அதே தெருக்காரர். தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை' நாவல் கூவக்கரைச் சிந்தாதிரிப்பேட்டையின் கதை என்றாலும் பேச்சில் வடசென்னைக்குச் சொந்தம்தான். அவர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதிய 'சார்பட்டா பரம்பரை' படம் 2021இல் வந்தபோது, இந்தப் பேச்சில் வீரமும் அவமானமும் தாய்ப்பாசமும் பேசப்பட்டதை வீட்டுக்கு வீடு கேட்டார்கள்.

எழுத்திலிருந்து திரைக்குப் போகும் இந்த வழியில் ஒரு துறைமுகத் தொழிலாளி முன்பே நடந்திருக்கிறார். செனகலின் செம்பேன் உஸ்மான் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். 1956இல் தன் முதல் நாவலுக்கு 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். 1962இல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஆனால் பிரெஞ்சில் எழுதிய தன் கதைகளைத் தன் ஊர் ஜனங்கள் வாசிக்க முடியாது என்ற உண்மை அவரை உறுத்தியது. கேமராவை எடுத்தார்; 1968இல் 'மண்டபி' படத்தை வொலோஃப் மொழியிலும் எடுத்தார்.

வடசென்னைக்கு எழுத்து வருவதற்கு முன்பே ஒரு கதைமுறை உண்டு: மரண கானா. பிணம் கிடக்கும் வீட்டு வாசலில், இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் பார்த்த வேலை, பிள்ளைகள், கூட்டாளிகள் என்று ஒவ்வொன்றாக இழுத்து இரவெல்லாம் பாடுவார்கள். கேட்கிற கூட்டமும் கதைக்குள் இருக்கிறது. அய்டூ தன் மக்களின் வாய்மொழி மரபிலிருந்து எடுத்த அதே உத்தி, கேட்பவரை எதிரில் உட்கார வைத்துச் சொல்வது, இங்கே பந்தலுக்குக் கீழே தினமும் நடக்கிறது. தமிழ்ச் சிறுகதை இன்னும் நிறைய அள்ளிக்கொள்ள வேண்டிய இடம் அது.

'சிவில் பீஸ்' கதைக்கே திரும்பலாம். எனுகு நிலக்கரி நகரம். நாயகன் ஜோனதன் முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவன். எக் ராஷர் வாங்கி வந்த இரவில் திருடர்கள் கதவைத் தட்டுகிறார்கள். குடும்பமே கூச்சல் போடுகிறது, அக்கம்பக்கத்தில் யாரும் வரவில்லை. உடனே திருடர்களே சேர்ந்து, போலீஸையும் ஊரையும் அவனுக்காகக் கூவி அழைக்கிறார்கள். தலைவன் பேசுவது உடைந்த ஆங்கிலத்தில், பயங்கரமான பணிவோடு. இந்தக் காட்சியைத் தமிழில் கொண்டுவரும் ஆள், கதவுக்கு வெளியே நிற்பவன் ஜோனதனை என்னவென்று கூப்பிடுவான் என்று முடிவு செய்ய வேண்டும். 'நண்பரே' என்று எழுதினால் திருடன் பள்ளிக்கூட மேடையில் நிற்பான். 'ஐயா' என்றால் கெஞ்சுவான். ராயபுரத்துப் பேச்சில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. மரியாதையும் மிரட்டலும் கூட்டாளித்தனமும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும்: 'வாத்யாரே'.